வாக்கும் துப்பாக்கியும் – 14: கையெழுத்து விழாத இரவு

சென்ற வாரம் 1986 செப்டம்பர் 7-இல் நிறுத்தியிருந்தோம். சிலியின் தலைநகர் சான்டியாகோவுக்கு வெளியே ஒரு மலைப்பாதை. ஜெனரல் அகஸ்தோ பினோசேயின் வாகன வரிசை மீது இடதுசாரி ஆயுதக் குழு ஒன்று பதுங்கியிருந்து தாக்கியது. மெய்க்காவலர்கள் ஐந்து பேர் செத்தார்கள். பினோசே கையில் சிறு காயத்தோடு தப்பினார்.

1973-இல் அதிபர் அயெந்தேயின் மாளிகை மீது விமானப்படை குண்டு வீசியதில் தொடங்கிய ஆட்சி பினோசேயுடையது. பதின்மூன்று ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், அல்லது காணாமல் போனார்கள். பல்லாயிரம் பேர் நாட்டைவிட்டே போனார்கள். 1983-இல் செம்புச் சுரங்கத் தொழிலாளர்கள் தொடங்கி வைத்த போராட்டங்களில் ஊரே வீதிக்கு வந்து பாத்திரங்களைத் தட்டியது. ஆட்சி அசையவில்லை. மலைப்பாதைத் தாக்குதலுக்குப் பிறகு முற்றுகை நிலை அறிவிக்கப்பட்டது. அடக்குமுறை இன்னும் இறுகியது.

தெருவும் துப்பாக்கியும் சாதிக்காததை இரண்டே ஆண்டுகளில் ஒரு வாக்குச்சீட்டு சாதித்தது. அந்த வாக்குச்சீட்டைத் தயார் செய்து கொடுத்தது பினோசேயின் சொந்த அரசியல் சட்டம்.

எந்தச் சர்வாதிகாரி தனக்கே குழி வெட்டுவார்?

எட்டும் எட்டும்

பதில் 1973-இல் இருக்கிறது. அந்த ஆட்சியைப் பிடித்தது பினோசே மட்டும் அல்ல. தரைப்படை, கடற்படை, விமானப்படை, காராபினேரோஸ் என்ற காவல்படை ஆகிய நான்கின் தளபதிகளும் சேர்ந்து பிடித்தார்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் நால்வருக்கும் பொது. நால்வரும் ஒப்பினால்தான் சட்டம்.

பினோசே மெல்ல மெல்ல மற்றவர்களுக்கு மேலே ஏறினார். அதிபர் பட்டத்தை எடுத்துக்கொண்டார். விமானப்படைத் தளபதி குஸ்தாவோ லே அதை எதிர்த்து, ராணுவம் பாசறைக்குத் திரும்ப நாள் குறிக்க வேண்டும் என்று பேசினார். 1978 ஜூலையில் அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். லேயோடு மூத்த விமானப்படை ஜெனரல்கள் கொத்தாக வெளியேறினார்கள். பணிமூப்புப் பட்டியலில் கீழே இருந்த ஒருவர் தளபதி நாற்காலிக்கு வந்தார். பெயர் ஃபெர்னாந்தோ மத்தேய். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

லே போனார். நால்வரும் ஒப்ப வேண்டும் என்ற விதி போகவில்லை. கடற்படைத் தளபதி ஹோசே தொரிபியோ மெரினோ பினோசேயின் எதிரி அல்ல. ஆனால் தன் அதிகாரப் பங்கை விட்டுக்கொடுக்கவும் அவர் தயாராக இல்லை. வாழ்நாள் அதிபர் ஒருவருக்குக் கீழே கைகட்டி நிற்கவா ஆட்சியைப் பிடித்தோம் என்ற கேள்வி மற்றப் படைகளிடம் இருந்தது.

எனவே 1980-இல் அரசியல் சட்டம் எழுதியபோது ஆட்சிக்கு ஒரு கால வரம்பு வைக்க வேண்டியிருந்தது. பதினாறு ஆண்டுகளை ஒரே மூச்சில் கேட்டால் நன்றாக இராது என்று ஆலோசகர்கள் தயங்கினார்கள். எட்டும் எட்டுமாகப் பிரித்தார்கள். முதல் எட்டு ஆண்டுகள் பினோசேக்கு. அது முடியுமுன் நான்கு தளபதிகளும் சேர்ந்து ஒரே ஒரு பெயரை முன்மொழிவார்கள். அந்தப் பெயருக்கு ‘ஆம்’ அல்லது ‘வேண்டாம்’ என்று மக்கள் வாக்களிப்பார்கள். ‘வேண்டாம்’ வென்றால் ஓராண்டு கழித்துப் போட்டித் தேர்தல்.

1980 செப்டம்பர் 11-இல் அந்தச் சட்டத்துக்கே பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்காளர் பட்டியல் கிடையாது. பழைய பட்டியல்களை ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு எரித்திருந்தார்கள். எதிர்க்கட்சிகளுக்குத் தடை. வெற்றுச் சீட்டுகளும் ‘ஆம்’ கணக்கில் சேர்ந்தன. 67 விழுக்காடு ஆதரவு என்று அரசு அறிவித்தது.

1988-இலும் இதே வித்தையைக் காட்டிவிடலாம் என்று அரண்மனை நம்பியதில் வியப்பில்லை.

நான்குக்கு மூன்று

அந்த நம்பிக்கையில் முதல் கீறல் விழுந்தது 1985 செப்டம்பரில். யாரும் அதிகம் கவனிக்காத ஓர் அறையில்.

தேர்தல் தீர்ப்பாயம் பற்றிய சட்ட வரைவு ஒன்றை ஆட்சிக்குழு நிறைவேற்றியது. அதன்படி தீர்ப்பாயம் பிற்பாடு வரப்போகும் நாடாளுமன்றத் தேர்தலிலிருந்துதான் வேலை தொடங்கும். 1988 வாக்கெடுப்பை அதற்கெனத் தனியாக அமைக்கும் ஏற்பாடு கவனித்துக்கொள்ளும். நடுவரில்லாத ஆட்டம் என்று பொருள்.

வரைவு அரசியல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஏழு உறுப்பினர்களும் இந்த ஆட்சியின் கீழ் வந்தவர்கள். அவர்களில் எவுஹெனியோ வலென்சுவேலா என்பவர் ஓர் எளிய வாதத்தை வைத்தார். அரசியல் சட்டம் வாக்கெடுப்பு என்கிறது. முறையான பட்டியலும் முறையான கண்காணிப்பும் இல்லாதது வாக்கெடுப்பு ஆகாது. ஆகவே தேர்தல் தீர்ப்பாயம் 1988-க்கு முன்பே இயங்கியாக வேண்டும்.

நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவர் தரப்பு வென்றது.

அந்த ஒரு வாக்கிலிருந்து மற்றவை ஒவ்வொன்றாக இறங்கிவந்தன. 1986-இல் வாக்காளர் பதிவுச் சட்டம். 1987-இல் கட்சிகள் சட்டம். 1988-இல் வாக்குப்பதிவு, எண்ணிக்கைச் சட்டம். ஒவ்வொரு வாக்கு மேசையிலும் எண்ணிக்கை வெளிப்படையாக நடக்கும். எதிர்த்தரப்பின் பூத் ஏஜெண்ட் பக்கத்தில் நின்று பார்க்கலாம், எழுதிக்கொள்ளலாம்.

பதிவதா, புறக்கணிப்பதா?

1987 பிப்ரவரியில் வாக்காளர் பதிவு தொடங்கியது. முதல் ஆளாகப் போய்ப் பதிந்தவர் பினோசே.

எதிர்க்கட்சிகளுக்குத்தான் திண்டாட்டம். இந்தச் சட்டமே மோசடி என்று ஏழு ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர்கள் அவர்கள். இப்போது அதே சட்டத்தின் கீழ் வரிசையில் நின்று பெயர் கொடுப்பதா? கொடுத்தால் சர்வாதிகாரிக்கு அங்கீகாரம். கொடுக்காவிட்டால் களம் முழுக்க அவருடையது.

இந்த முடிச்சை அவிழ்க்க 1984-லேயே ஒருவர் முயன்றிருந்தார். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் வழக்கறிஞர் பத்ரிசியோ அய்ல்வின். 1973-இல் அயெந்தேயைக் கடுமையாக எதிர்த்தவர் என்பதால் இடதுசாரிகளுக்கு அவரைப் பிடிக்காது. அவர் சொன்னதன் சாரம் இதுதான். இந்தச் சட்டம் நியாயமானதா என்ற வாதத்தை ஒத்திவைப்போம். அது நடப்பில் இருக்கிறது என்ற உண்மையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து வெளியே வரும் வழியைத் தேடுவோம்.

அன்று பலர் முகம் சுளித்தார்கள். 1986-க்குப் பிறகு வேறு வழி தென்படவில்லை. 1988 பிப்ரவரி 2-இல் 13 கட்சிகள் ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லின் கீழ் கூட்டணி கண்டன. அய்ல்வினும் சோசலிஸ்ட்டுகளும் ஒரே மேடையில். கம்யூனிஸ்ட் கட்சி வெளியே நின்றது. பிற்பாடு அதுவும் ‘வேண்டாம்’ என வாக்களிக்கச் சொன்னது.

ஆனாலும் மக்களிடம் அச்சம் போகவில்லை. யாருக்குப் போட்டோம் என்பது தெரிந்துவிடும் என்றே பலர் நினைத்தார்கள்.

ஏப்ரல் 25 இரவு அந்த அச்சத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. 13-ஆம் சேனலில் நேரலை. சோசலிஸ்ட் தலைவர் ரிக்கார்டோ லாகோஸ் திடீரென்று காமிராவைப் பார்த்து விரலை நீட்டினார். வீட்டில் உட்கார்ந்திருக்கும் பினோசேயிடம் நேராகப் பேசுவதுபோல் பேசினார். இன்னும் எட்டு ஆண்டுகள் சித்திரவதை, இன்னும் எட்டு ஆண்டுகள் கொலை, இதைத்தானே நாட்டுக்குத் தர நினைக்கிறீர்கள் என்று கேட்டார். நெறியாளர் குறுக்கிட்டபோது, பதினைந்து ஆண்டு மௌனத்துக்காகத் தான் பேசுவதாகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

லாகோஸ் அன்றிரவு கைதாகிவிடுவார் என்று நாடு எதிர்பார்த்தது. மறுநாளும் அவர் வெளியில்தான் இருந்தார். தகுதியுள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், 74 லட்சம் பேர், கடைசியில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்திருந்தார்கள்.

தினம் பதினைந்து நிமிடம்

ஆகஸ்ட் 30. நான்கு தளபதிகளும் கூடி வேட்பாளரை அறிவித்தார்கள். பினோசே.

அவருடைய நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. 1982-இல் ஏறத்தாழ 14 விழுக்காடு சரிந்த பொருளாதாரம் இப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சி கையில். மேயர்கள் எல்லோரும் அவர் ஆட்கள். எதிரணியிலோ ஒருவரையொருவர் நம்பாத கட்சிகள்.

சட்டப்படி இரு தரப்புக்கும் தினம் பதினைந்து நிமிடத் தொலைக்காட்சி நேரம் தர வேண்டியிருந்தது. செப்டம்பர் 5 முதல் 27 நாட்கள். வேலை நாட்களில் அதை இரவு வெகுநேரம் கழித்து வைத்தார்கள். அந்நேரத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்?

நாடே விழித்திருந்து பார்த்தது.

அந்த நிமிடங்களில் எதைக் காட்டுவது என்பதில் எதிரணிக்குள் பெரும் சண்டை. பிணங்களைக் காட்டு, சித்திரவதையைக் காட்டு, இன்னொரு வாய்ப்பு வராது என்றது ஒரு தரப்பு. ஆய்வாளர்களும் விளம்பரக்காரர்களும் மறுத்தார்கள். மக்கள் ஏற்கெனவே பயந்திருக்கிறார்கள். இன்னும் பயமுறுத்தினால் வாக்குச்சாவடிக்கு வரமாட்டார்கள்.

வானவில்லைச் சின்னமாக்கி, மகிழ்ச்சி வருகிறது என்று பாடினார்கள். சிரிப்பு, நகைச்சுவை, நடனம். கொடுமைகளையும் மறைக்கவில்லை. சிலியின் தேசிய நடனமான குவேக்காவை ஆணும் பெண்ணும் சோடியாக ஆடுவார்கள். காணாமல்போனவர்களின் வீட்டுப் பெண்கள் அதைத் திரையில் தனியாக ஆடினார்கள். இன்னொரு நாள் ஒரு வயதான பெண், தன்னைக் கடத்திக்கொண்டுபோய்ச் சித்திரவதை செய்ததைச் சொன்னார். அடுத்து காமிரா திரும்பியபோது நாடறிந்த கால்பந்து வீரர் கார்லோஸ் கஸ்ஸேலி அமர்ந்திருந்தார். அந்தப் பெண் தன் தாய் என்றார்.

‘ஆம்’ அணி அயெந்தே காலத்துக் கியூ வரிசைகளையும் கலவரங்களையும் காட்டி மிரட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து ஆண்டுகளாக ஆள்பவர் பழைய பயத்தைத்தான் விற்க வேண்டியிருந்தது.

யார் எண்ணுவது?

வாக்கு விழும் என்பது இப்போது தெரிந்துவிட்டது. விழுந்த வாக்கு எண்ணப்படுமா?

உள்துறை அமைச்சகம் பொய்யான எண்ணை அறிவித்தால் அதை மறுக்க எதிரணியிடம் தன் சொந்த எண் இருக்க வேண்டும். ‘வேண்டாம்’ தலைமையகத்தின் செயலர் ஹெனாரோ அர்ரியகாதாவும் அவர் குழுவும் மாதக்கணக்கில் இந்த ஒரு வேலையில் இறங்கினார்கள். நாடு முழுக்க 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு மேசைகள். ஒவ்வொன்றுக்கும் பூத் ஏஜெண்ட் வேண்டும். எண்ணிக்கை முடிந்ததும் அவர் எழுதிய தாள் மையத்துக்கு வந்து கணினியில் ஏற வேண்டும். மின்சாரமோ தொலைபேசியோ அறுந்தால் மாற்று வழி வேண்டும்.

அது தவிர, சுதந்திரத் தேர்தலுக்கான குழு ஒன்று மாதிரி மேசைகளை மட்டும் வைத்துத் தனியாக விரைவுக் கணக்குக்குத் தயாரானது. அரசை ஆதரித்த வலதுசாரிக் கட்சியான தேசிய மறுமலர்ச்சியும் தன் பங்குக்கு ஒரு கணக்கு வைத்தது. கணினிகளுக்கும் பயிற்சிக்கும் வெளிநாட்டுப் பணமும் வந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் பத்து லட்சம் டாலர் ஒதுக்கியிருந்தது. அயெந்தேயைக் கவிழ்க்கச் சூழல் உண்டாக்கிய அதே வாஷிங்டன்தான் இப்போது பினோசேயைக் கைகழுவிக்கொண்டிருந்தது.

வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு அமெரிக்கத் தூதர் ஹாரி பார்ன்ஸ் ஓர் எச்சரிக்கையைத் தலைமையிடத்துக்கு அனுப்பினார். தோற்பது உறுதியானால் வன்முறையைத் தூண்டிவிட்டு, அதையே காரணம் காட்டி வாக்கெடுப்பை நிறுத்தும் திட்டம் இருக்கிறது என்பதே அது.

அக்டோபர் 4 இரவு சான்டியாகோவின் பல பகுதிகளில் விளக்கு அணைந்தது.

அக்டோபர் 5

விடிந்ததிலிருந்து வரிசை. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. பதிந்தவர்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் வந்து வாக்களித்தார்கள்.

மாலை எண்ணத் தொடங்கினார்கள். இரவு 7.30 மணி வாக்கில் உள்துறைத் துணைச் செயலர் அல்பெர்தோ கர்தெமில் முதல் நிலவரத்தைப் படித்தார். ‘ஆம்’ 57, ‘வேண்டாம்’ 40. எத்தனை மேசைகளின் கணக்கு? 79.

22 ஆயிரத்தில் 79.

எதிரணித் தலைமையகத்தின் கணினித் திரையில் தலைகீழான படம். 9 மணி வாக்கில் அர்ரியகாதா செய்தியாளர்களிடம் தங்கள் கணக்கை வெளியிட்டார். ‘வேண்டாம்’ தெளிவான முன்னிலை. அதோடு தொண்டர்களுக்கு ஒரு கட்டளை. வீட்டிலேயே இருங்கள், வீதிக்கு வராதீர்கள். வீதியில் ஒரு கல் பறந்தால் போதும், அரண்மனைக்கு வேண்டிய காரணம் கிடைத்துவிடும்.

10 மணிக்குக் கர்தெமில் மறுபடி வந்தார். 700-க்கும் குறைவான மேசைகள். ‘ஆம்’ 51. அதன் பிறகு அரசு வாய் திறக்கவில்லை.

ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம்.

நள்ளிரவு தாண்டியது. 13-ஆம் சேனல் விவாதத்தில் அய்ல்வினுக்கு எதிரே தேசிய மறுமலர்ச்சியின் தலைவர் செர்ஹியோ ஒனோஃப்ரே ஹார்பா. பினோசேயின் முன்னாள் உள்துறை அமைச்சர். தன் கட்சியின் கணக்கு அவருக்குத் தெரியும். ‘வேண்டாம்’ முந்தியிருப்பதை நாடு பார்க்க அவர் ஒப்புக்கொண்டார்.

அரசு இன்னும் பேசவில்லை. அரசின் பக்கத்து ஆளே பேசிவிட்டார்.

லா மொனேதா அரண்மனை, இரவு 1 மணி

மற்றப் படைத் தளபதிகளை அரண்மனைக்கு வரச்சொல்லி பினோசேயின் அழைப்பு.

வாசலில் காத்திருந்த வானொலி, தொலைக்காட்சி நிருபர்கள் விமானப்படைத் தளபதியைச் சூழ்ந்தார்கள். லேயைத் தூக்கிவிட்டு பினோசே கொண்டுவந்த அதே ஃபெர்னாந்தோ மத்தேய். அவர் பதற்றமில்லாமல் சொன்னார்: ‘வேண்டாம்’ வென்றுவிட்டது என்பது தனக்குத் தெளிவாகத் தெரிகிறது, தாங்கள் அமைதியாகவே இருக்கிறோம்.

சில விநாடிப் பேச்சு. அதை இனி யாராலும் திரும்ப எடுக்க முடியாது. உள்ளே போய்ப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயத்தை மத்தேய் வாசலிலேயே முடித்துவிட்டுப் போனார்.

உள்ளே நடந்ததை மத்தேய் பின்னாளில் விவரித்திருக்கிறார். ரகசியம் நீக்கப்பட்ட அமெரிக்க உளவு ஆவணங்களிலும் அது பதிவாகியிருக்கிறது. உள்துறை அமைச்சர் செர்ஹியோ ஃபெர்னாந்தெஸ், ஒற்றை மனிதருக்கு இத்தனை விழுக்காடு கிடைத்தது பெரிய சாதனை என்ற தொனியில் விளக்கினார். பினோசே கொதித்துக்கொண்டிருந்தார். தனக்குச் சிறப்பு அதிகாரங்கள் வேண்டும், தலைநகரை ராணுவம் தன் பிடிக்குள் கொண்டுவர வேண்டும், அதற்குத் தளபதிகள் ஒப்புதல் தர வேண்டும் என்றார். தாள் தயாராக இருந்தது.

தரைப்படை அவரிடம் இருந்தது. பீரங்கி வண்டிகள் இருந்தன. பதினைந்து ஆண்டுப் பயம் இருந்தது. அவருக்கு மற்ற மூன்று கையெழுத்துகள் தேவைப்பட்டன.

மத்தேய் மறுத்தார். எந்தச் சூழ்நிலையிலும் முடியாது என்றார். பினோசே திரும்பவும் கேட்டார். உங்களுக்கு வாய்ப்பு கிடைத்தது, தோற்றுவிட்டீர்கள் என்று பதில் வந்தது. அந்தத் தாளைத் தானே கிழித்ததாக மத்தேய் பின்னர் சொன்னார். கடற்படையின் மெரினோவும் காவல்படைத் தளபதி ரொதோல்ஃபோ ஸ்டாங்கேயும் பினோசே பக்கம் சாயவில்லை.

மூவரும் ஜனநாயகவாதிகள் அல்லர். பதினைந்து ஆண்டுகளாக இந்த ஆட்சியைத் தாங்கியவர்கள், அதன் குற்றங்களுக்குப் பொறுப்பானவர்கள். ஆனால் 1980 சட்டம் அவர்களுடைய சொத்தும்கூட. அதை மீறினால் நாளை தங்கள் பங்குக்கு என்ன காவல்? ஊரறிந்த எண்ணை மறைக்கப்போய் மக்கள்மீது சுட நேர்ந்தால் அந்தப் பழியில் பங்கு வாங்குவானேன்?

சர்வாதிகாரியைக் கட்டியது வெறும் காகிதம் அல்ல. அந்தக் காகிதத்தில் பங்கு வைத்திருந்தவர்கள் கட்டினார்கள். அவர்களைக் கட்டியது பூத் ஏஜெண்டுகள் எழுதிய கணக்கு. மூன்று வெவ்வேறு இடங்களில் ஒரே விடை வந்த பிறகு, அரசின் பொய்யைச் சுமக்க யாரும் முன்வரவில்லை.

அதிகாலை 2.30 தாண்டிக் கர்தெமில் மீண்டும் திரையில் வந்தார். ‘வேண்டாம்’ முன்னிலை.

இறுதிக் கணக்கில் ‘வேண்டாம்’ 56, ‘ஆம்’ 44.

பிறகு?

மறுநாள் சான்டியாகோ வீதியில் ஆடியது. நேற்றுவரை தடியடி நடத்திய காவலர்களை மக்கள் கட்டிப்பிடித்தார்கள். பினோசே ராணுவச் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றி, முடிவை ஏற்பதாகச் சொன்னார்.

அவர் ஏற்றது எதை என்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அதே சட்டம் அவருக்கு இன்னொன்றும் தந்திருந்தது. தேர்தல் நடந்து புதிய அதிபர் பொறுப்பேற்கும்வரை அவரே ஆட்சியில். அதன் பிறகும் தரைப்படைத் தளபதிப் பதவி அவரிடமே. மேலவையில் நியமன உறுப்பினர்கள். 1978-இல் தானே கொண்டுவந்த பொதுமன்னிப்புச் சட்டம் அப்படியே. எதிரணி சட்டத்துக்குள் நுழைந்து வென்றது. நுழைந்ததற்கு விலையும் அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது.

1989 டிசம்பர் 14 தேர்தலில் அய்ல்வின் 55 விழுக்காடு பெற்று வென்றார். 1990 மார்ச் 11-இல் அதிபர் பட்டை பினோசேயிடமிருந்து அவருக்கு வந்தது. பட்டை கைமாறியது. படை கைமாறவில்லை.

காணாமல்போனவர்களின் வீட்டார் புதிய அதிபரின் வாசலில் காத்திருந்தார்கள். உண்மையைச் சொல்லுங்கள், குற்றவாளிகளை நிறுத்துங்கள் என்றார்கள். தன் ஆட்களில் ஒருவரைத் தொட்டாலும் சட்டத்தின் ஆட்சி முடிந்தது என்று பினோசே முன்பே எச்சரித்திருந்தார்.

தன்னைக் கவிழ்க்கக்கூடிய ராணுவத்தின் குற்றங்களை, அந்த ராணுவத்தின் தளபதி எதிரே உட்கார்ந்திருக்கையில், ஓர் அதிபர் எப்படி விசாரிப்பார்?

(அடுத்த வாரம் தொடரும்)